மூன்று நிறுவனங்களின் பழைய ஜூம் லென்ஸ்களை முறையாக ஒப்பிடுவது எப்படி: 80–200 மி.மீ. வகைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கையால் ஃபோகஸ் செய்யும் பழைய ஜூம் லென்ஸ்களை ஒப்பிடத் தொடங்குகிறவர்கள் நிக்கானைக் காலை வெயிலிலும், கேனனை மாலையிலும், மினோல்டாவை அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலும் படமெடுத்துவிட்டு, கணினியில் பெரிதாக்கிப் பார்த்து, இதுதான் சிறந்தது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்தப் படங்களுக்கிடையே வெளிச்சம், ஃபோகஸ், அடாப்டர் (பழைய லென்ஸை வேறு கேமராவில் மாட்ட உதவும் இடைவளையம்), காற்றின் அசைவு என எல்லாமே மாறியிருக்கின்றன என்பதால், தெரிகிற வேறுபாட்டில் லென்ஸின் பங்கு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. லென்ஸைத் தவிர வேறெதுவும் மாறாதபடி வேலையை வரிசைப்படுத்துவது எப்படி என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொன்றும் அதற்கு முந்தையதை நம்பியே நிற்கிறது.

1. எதை எதனோடு ஒப்பிடுகிறீர்கள் என்று முதலில் எழுதிவையுங்கள்

எடுத்துக்காட்டாக நான் இங்கே மூன்று லென்ஸ்களை வைத்துக்கொள்கிறேன்: நிக்கானின் ஜூம்-நிக்கோர் 80–200 எஃப்/4 ஏஐ-எஸ், கேனனின் நியூ எஃப்டி 70–210 எஃப்/4, மினோல்டாவின் எம்டி 70–210 எஃப்/4. மூன்றும் ஒரே காலகட்டத்தைச் சேர்ந்தவை. மூன்றிலும் அதிகபட்சத் திறப்பளவு (அப்பர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளையின் அளவு) ஜூமின் எல்லா நிலைகளிலும் எஃப்/4 ஆகவே நிற்கும். மூன்றிலும் ஒரே வளையத்தைத் திருப்பினால் ஃபோகஸ், முன்னும் பின்னும் இழுத்தால் ஜூம். ஒப்பிடத் தகுந்தவை என்று சொல்ல இந்தப் பொருத்தம் வேண்டும்.

பெயர்க் குழப்பத்தில் சிக்காதீர்கள். நிக்கானில் 80–200 எஃப்/4.5 என்று இன்னொரு லென்ஸ் உண்டு. அதன் ஃபில்டர் அளவு 52 மி.மீ., எஃப்/4 லென்ஸுக்கோ 62 மி.மீ. கேனனில் 70–210 எஃப்/4, 80–200 எஃப்/4, சிவப்பு வளையம் போட்ட 80–200 எஃப்/4 எல் ஆகிய மூன்றும் வெவ்வேறு லென்ஸ்கள். விற்பவர் சொல்லும் பெயரை அப்படியே ஏற்காமல், முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள எழுத்தை நீங்களே படித்து, அதையும் வரிசை எண்ணையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் சோதிப்பது ஒரு நிறுவனத்தை அன்று, உங்கள் மேசையில் இருக்கும் அந்த ஒற்றைப் பிரதியை. நாற்பது ஆண்டுகளாகப் பல கைகள் மாறி வந்த பொருளில் பிரதிக்குப் பிரதி இருக்கும் வேறுபாடு, நிறுவனங்களுக்கிடையே இருக்கும் வேறுபாட்டைவிட எளிதில் பெரிதாகிவிடும்.

2. முன்கூட்டியே தேவைப்படுபவை

35 மி.மீ. ஃபிலிம் அளவிலான முழு அளவு சென்சார் கொண்ட, உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத ஒரு மிர்ரர்லெஸ் கேமரா வேண்டும். காரணம் எளிது. லென்ஸ் பொருந்தும் தளத்திலிருந்து ஃபிலிம் வரையுள்ள தூரம் நிக்கானில் 46.5 மி.மீ., மினோல்டாவில் 43.5 மி.மீ., கேனன் எஃப்டியில் 42 மி.மீ. பிரதிபலிக்கும் கண்ணாடி கொண்ட பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்றில் இம்மூன்றையும் நேர்மையாக மாட்ட வழியில்லை. கேனனும் மினோல்டாவும் தொலைதூரத்துக்கு ஃபோகஸ் ஆகா, அதைச் சரிக்கட்ட உள்ளே கண்ணாடி வைத்த அடாப்டரை வாங்கினால் அந்தக் கண்ணாடியின் தரத்தைத்தான் சோதித்துக்கொண்டிருப்பீர்கள். சிறிய சென்சார் கேமராவில் மாட்டலாம். ஆனால் ஓரங்கள் வெட்டுப்பட்டு, பழைய ஜூம்கள் தடுமாறும் இடமே கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

இவற்றோடு கனமான ட்ரைபாட், எல்இடி டார்ச், டிஜிட்டல் வெர்னியர் (தடிமன் அளக்கும் கருவி), மாஸ்கிங் டேப், ஒரு நோட்டு, பேனா ஆகியவற்றை எடுத்துவையுங்கள். ஒவ்வொரு மவுண்ட்டுக்கும் (லென்ஸ் கேமராவில் பொருந்தும் இணைப்பு வகை) 50 மி.மீ. போன்ற ஒரு சாதாரண ஜூம் அல்லாத லென்ஸ் கடனாகக் கிடைத்தாலும் வாங்கிவையுங்கள். நான்காம் படியில் அது இல்லாமல் வேலை ஓடாது.

3. படமெடுக்கும் முன் லென்ஸின் உடல்நிலையைப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்கிறவர்களே அதிகம். நானும் ஒருமுறை தாண்டினேன். கான்ட்ராஸ்ட் (வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடு) குறைவாக இருக்கிறது என்று ஒரு மினோல்டா ஜூமைப் பற்றி இரண்டு வாரம் குறிப்பெழுதிய பிறகுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன். பின்பக்கக் கண்ணாடிகளில் ஒன்றின் மேல் பால் சிந்தித் துடைத்ததுபோல் மெல்லிய படலம் இருந்தது. லென்ஸ் பழுது பார்ப்பவர் ஒருவர் அதைக் கழற்றித் துடைத்துக் கொடுத்த பிறகு எடுத்த படங்களில் அந்தக் குறை காணாமல் போயிற்று. இரண்டு வாரக் குறிப்புகளும் வீண்.

இருட்டு அறையில் அப்பர்ச்சரை முழுவதும் திறந்து, டார்ச்சைப் பின்புறமிருந்து சாய்வாக அடித்து, முன்புறமிருந்து பாருங்கள். ஓரிரு தூசித் துகள்கள் எல்லாப் பழைய லென்ஸிலும் இருக்கும். அவை படத்தைப் பாதிப்பதில்லை. விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி நூல்போல் கிளைத்து வருவது பூஞ்சை. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அலமாரியில் மூடிவைத்திருந்த லென்ஸ்களில் இது சர்வ சாதாரணம். வெளிச்சத்தை நகர்த்தும்போது கண்ணாடி முழுவதும் ஒரே சீராக வெளுத்துத் தெரிந்தால் அது படலம். மூன்றில் படத்தை அதிகம் கெடுப்பது இதுவே, கண்ணில் குறைவாகப் படுவதும் இதுவே.

அடுத்து இயக்கம். லென்ஸின் மூக்கைத் தரையை நோக்கிப் பிடியுங்கள். ஜூம் வளையம் தானாக வழுக்கி இறங்கினால், ட்ரைபாட்டில் சற்றுச் சாய்த்தாலும் குவியத்தூரம் (80, 200 என்று மி.மீ.யில் சொல்லும் ஜூம் நிலை) மாறிவிடும் என்று பொருள். வழுக்குவது இந்த இழுப்பு வகை ஜூம்களுக்குப் பொதுவான நோய். அதற்காக லென்ஸை ஒதுக்க வேண்டாம், டேப் ஒட்டிச் சமாளிக்கலாம். ஆனால் முன்குழாயை இரு விரலால் பிடித்து மெல்ல ஆட்டும்போது பக்கவாட்டில் அசைந்தால், அந்தப் பிரதியை ஒப்பீட்டிலிருந்து விலக்கிவிடுங்கள். உள்ளே கண்ணாடிகளின் அச்சு ஒவ்வொரு படத்துக்கும் வேறு வேறாக இருக்கும்.

அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய் பளபளத்தால் அவை மெதுவாக மூடும். அடாப்டரில் மாட்டி நேரடியாக மூடிவைத்து எடுக்கும்போது இது பெரிய தடையன்று. நோட்டில் குறித்துவைத்தால் போதும்.

4. அடாப்டரைச் சோதிக்காமல் லென்ஸைக் குறை சொல்லாதீர்கள்

மூன்று மவுண்ட்டுக்கு மூன்று அடாப்டர் தேவை என்பதால், நீங்கள் விரும்பாவிட்டாலும் லென்ஸோடு சேர்ந்து மாறும் ஒரே பொருள் இதுதான். எனவே அதை அளந்து தெரிந்துகொள்ள வேண்டும். கேமரா சோனி இ மவுண்ட் என்றால் அதன் தூரம் 18 மி.மீ.; ஆகவே நிக்கான் அடாப்டரின் தடிமன் 28.5 மி.மீ., மினோல்டாவுடையது 25.5 மி.மீ., கேனன் எஃப்டியுடையது 24 மி.மீ. இருக்க வேண்டும். வெர்னியரால் விளிம்பைச் சுற்றி நான்கு இடங்களில் அளந்து எழுதுங்கள்.

நான்கு எண்களும் ஒன்றாக, ஆனால் உரிய அளவைவிடச் சற்றுக் குறைவாக இருந்தால் வியப்படைய வேண்டாம். தொலைதூர ஃபோகஸ் கண்டிப்பாகக் கிடைக்க வேண்டும் என்று பலரும் வேண்டுமென்றே மெலிதாகச் செய்கிறார்கள். ஜூம் அல்லாத லென்ஸில் இதனால் முடிவிலிக் குறி (தொலைதூரத்தைக் காட்டும் ∞ குறி) சற்றுத் தள்ளிப்போவதோடு சரி. ஜூம் லென்ஸில் விளைவு வேறு: 200 மி.மீ.யில் வைத்த ஃபோகஸ் 80 மி.மீ.க்கு இறங்கும்போது நிற்காமல் நழுவிவிடும். லென்ஸ் கெட்டுவிட்டது என்று பலர் நினைக்கும் இடம் இது. உண்மையில் பெரும்பாலும் குற்றம் அடாப்டரின் தடிமனில்தான்.

நான்கு எண்களும் ஒன்றுக்கொன்று வேறுபட்டால் நிலைமை மோசம். லென்ஸ் சாய்ந்து உட்காரும். படத்தின் ஒரு பக்கம் கூர்மையாகவும் எதிர்ப்பக்கம் மங்கலாகவும் வரும். இதை உறுதிசெய்ய, கடன் வாங்கிய 50 மி.மீ. லென்ஸை அதே அடாப்டரில் மாட்டித் தொலைவிலுள்ள கட்டடம் ஒன்றை எடுத்து நான்கு மூலைகளையும் பாருங்கள். அதிலும் அதே பக்கம் மங்கினால் அடாப்டரை மாற்றுங்கள். அது சீராக இருந்து ஜூமில் மட்டும் ஒரு பக்கம் மங்கினால், அப்போதுதான் ஜூமின் உள் கண்ணாடி மையம் விலகியிருக்கிறது என்று எழுதலாம்.

கேனன் எஃப்டி அடாப்டருக்கு ஒரு தனி எச்சரிக்கை. அதில் திறப்பு, பூட்டு என்று இரு நிலைகள் கொண்ட வளையம் உண்டு. அது பூட்டு நிலையில் இல்லாவிட்டால், லென்ஸின் அப்பர்ச்சர் வளையத்தை எஃப்/8க்குத் திருப்பினாலும் இதழ்கள் எஃப்/4இலேயே திறந்து கிடக்கும். புதியவர் ஒருவர் ‘எஃப்/4க்கும் எஃப்/8க்கும் இந்தக் கேனனில் வேறுபாடே இல்லை, அபாரம்’ என்று எனக்குப் படங்களை அனுப்பியபோது காரணம் இதுவாகத்தான் இருந்தது. ஒவ்வொரு தொடருக்கு முன்பும் முன்கண்ணாடி வழியாக இதழ்கள் மூடுவதைக் கண்ணால் பாருங்கள்.

5. இலக்கையும் நேரத்தையும் தேர்ந்தெடுங்கள்

அறைக்குள் சுவரில் ஒட்டிய அச்சிட்ட அட்டவணை வேண்டாம். 200 மி.மீ.யில் நான்கைந்து மீட்டர் தூரம் என்பது இந்த லென்ஸ்கள் அதிகம் பயன்படும் தூரமன்று. கேமராவுக்கு நேர் எதிரே, குறைந்தது ஐம்பது அறுபது மீட்டர் தள்ளி, ஒரே தளத்தில் நிற்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் முகப்பு நல்ல இலக்கு. ஜன்னல் கம்பிகள், செங்கல் வரிகள், குழாய் இணைப்புகள் நான்கு மூலைகளிலும் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். கோயில் கோபுரத்தில் நுணுக்கம் கொட்டிக் கிடந்தாலும், மேலே போகப் போக உள்வாங்குவதால், மேல் மூலைகள் மங்குவது லென்ஸாலா தூரத்தாலா என்று பிரிக்க முடியாமல் போகும்.

நேரம் காலை வேளை. வெயில் ஏறி மொட்டை மாடிகள் சூடாவதற்கு முன். சூடான காற்று அலைவதை 200 மி.மீ.யில் பெரிதாக்கிப் பார்த்தால் ஜன்னல் கம்பிகள் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் நெளியும். அந்த நெளிவைக் கண்டால் அன்றைய வேலையை நிறுத்திவிடுங்கள். எந்த லென்ஸும் அதை வெல்லாது.

6. கேமராவின் அமைப்புகளை ஒரே நிலையில் பூட்டுங்கள்

எக்ஸ்போஷர் கையால், ஐஎஸ்ஓ 100, வெள்ளைச் சமநிலை பகல் வெளிச்சத்தில் நிலையாக, கோப்பு ராவ் (கேமரா திருத்தாத மூலப்பதிவு) வடிவில். தானியங்கி எதுவும் இயங்கக் கூடாது, ஏனெனில் அது ஒவ்வொரு லென்ஸுக்கும் வேறு வேறு முடிவெடுக்கும். ட்ரைபாட்டில் இருப்பதால் கேமரா உடலிலுள்ள அசைவு தடுப்பியை அணைத்துவிடுங்கள். ஷட்டரின் முதல் திரை மின்னணு முறையில் இருக்கட்டும். பொத்தானை அழுத்தாமல் டைமரை வைத்து எடுங்கள். நீண்ட லென்ஸ் மெலிந்த அடாப்டரில் தொங்கும்போது, விரல் பட்ட அதிர்வு அடங்க இரண்டு விநாடி போதாது, பத்து விநாடி வையுங்கள். ஃபில்டர்கள் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

7. பார்வைப் பரப்பைப் பொருத்துங்கள்

குழாயின் மேல் அச்சிட்ட எண்களை நம்பி 135இல் வைத்தேன் என்று சொல்வது போதாது. அந்த எண்கள் தோராயமானவை. தவிரவும் 70–210 லென்ஸில் 200 என்ற குறி இல்லாமலும் இருக்கலாம். நிக்கானை 200இல் வைத்து, கட்டடத்தில் இடது ஓரத்தில் ஒரு ஜன்னல் மூலையையும் வலது ஓரத்தில் ஒரு குழாயையும் எல்லையாகக் குறித்துக்கொண்டு, மற்ற இரண்டையும் அதே எல்லைக்கு வரும்வரை இழுத்து நிறுத்துங்கள். நிறுத்திய இடத்தில் வளையத்துக்கும் குழாய்க்கும் இடையே மாஸ்கிங் டேப்பைச் சுற்றுங்கள். முன்பின் நழுவாமல் பிடிக்கும் அளவுக்கு இறுக்கமும், வளையத்தைத் திருப்ப இடம்கொடுக்கும் அளவுக்குத் தளர்வும் வேண்டும். 80, 135, 200 என்ற மூன்று நிலைகள் போதும். பொதுவான எல்லை 80இல் தொடங்கி 200இல் முடிவதால் 70, 210 ஆகியவற்றைத் தனியே பார்த்துக்கொள்ளலாம்.

8. ஃபோகஸ்: தவறு அதிகம் நடக்கும் இடம்

முடிவிலிக் குறியில் வளையத்தை முட்டவைத்துவிட்டுப் படமெடுப்பது புதியவர்களின் முதல் தவறு. மேலே சொன்னபடி மெலிந்த அடாப்டரில் அந்தக் குறி முடிவிலியைத் தாண்டி எங்கோ நிற்கும். விளிம்புகளில் நிறம் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கை நம்புவது இரண்டாவது தவறு. கூர்மையின் உச்சத்துக்கு இருபுறமும் கணிசமான தூரத்துக்கு அது அதே நிறத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்.

சரியான முறை இது. அப்பர்ச்சரை எஃப்/4இல் திறந்து, படத்தின் நடுவிலுள்ள ஒரு ஜன்னல் கம்பியைத் திரையில் இயன்ற அளவு பெரிதாக்குங்கள். வளையத்தை மெல்லத் திருப்பி உச்சத்தைக் கடந்து மங்கும்வரை போய், திரும்பி வந்து, எந்த இடத்தில் கம்பியின் விளிம்பு மிக மெலிந்து தெரிகிறதோ அங்கே நிறுத்துங்கள். எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து நிறுத்துங்கள், ஏனெனில் பழைய வளையங்களில் திசை மாறும்போது சிறு தளர்வு இருக்கும். கேனனிலிருந்து நிக்கானுக்கு மாறும்போது வளையம் எதிர்த்திசையில் சுழலும் என்பதையும் நினைவில் வையுங்கள். பழகிய கை தவறான பக்கம் போகும்.

உச்சத்துக்கு அருகே விளிம்புகளின் நிறத்தைக் கவனித்தால் வேலை எளிதாகும். ஃபோகஸ் சற்று முன்னால் விழும்போதும் பின்னால் விழும்போதும் வெள்ளைக் குழாயின் ஓரத்தில் இளஞ்சிவப்பும் பச்சையும் மாறி மாறித் தோன்றும். இரண்டும் மறைந்து நிறமற்றுத் தெரியும் மெல்லிய இடைவெளிதான் உங்களுக்குத் தேவையானது. இதைக் கண்ணால் ஒருமுறை பிடித்துவிட்டால் பிறகு கை தானாகவே அங்கே நிற்கும்.

ஒரே வளையம் ஃபோகஸையும் ஜூமையும் பார்த்துக்கொள்வதால், திருப்பும்போது ஜூம் நகர்ந்துவிடக்கூடும். ஃபோகஸ் முடிந்ததும் ஏழாம் படியில் குறித்த எல்லைகளை மீண்டும் பாருங்கள்.

ஒவ்வொரு குவியத்தூரத்திலும் வளையத்தை முற்றாகக் கலைத்துவிட்டு மூன்று முறை புதிதாக ஃபோகஸ் செய்து மூன்று படம் எடுங்கள். மூன்றில் கூர்மையானதையே ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். சராசரியை எடுத்தால் உங்கள் கையின் பிழை லென்ஸின் கணக்கில் ஏறிவிடும்.

மூலைக்குத் தனியாக ஒரு படம் எடுங்கள். பழைய ஜூம்களில் ஃபோகஸ் தளம் வளைந்திருப்பது உண்டு. நடுவில் ஃபோகஸ் வைத்தபோது மங்கிய மூலை, அந்த மூலையிலேயே ஃபோகஸ் வைத்தால் தெளிந்துவிடலாம். தெளிந்தால் அது வளைவு. தெளியாவிட்டால் மூலையே பலவீனம். ஆட்களை நடுவில் நிறுத்தி எடுப்பவருக்கு முதலாவது பெரிதாகத் தொந்தரவு தராது, கட்டடங்களை எடுப்பவருக்கு இரண்டும் தொந்தரவுதான்.

9. படமெடுக்கும் வரிசை

மூன்று லென்ஸ், மூன்று குவியத்தூரம், எஃப்/4, 5.6, 8 என மூன்று அப்பர்ச்சர், ஒவ்வொன்றிலும் மூன்று முறை: மொத்தம் 81 படங்கள். எஃப்/4இல் வைத்த ஃபோகஸை மாற்றாமலேயே அப்பர்ச்சரை மூடி எடுங்கள். மூடும்போது கூர்மை குறைந்தால் ஃபோகஸ் நகர்கிறது என்று பொருள், அதுவும் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி. நிக்கானின் வளையம் எஃப்/4, 5.6, 8 போன்ற முழு அளவுகளில் மட்டுமே சொடுக்கும் என்பதால் இடைப்பட்ட அளவுகளில் ஒப்பிட முயல வேண்டாம்.

இந்த லென்ஸ்கள் கேமராவுக்கு எந்தத் தகவலும் அனுப்பாது. எண்பது படங்களுக்குப் பிறகு எது எந்த லென்ஸ் என்று கோப்பைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. ஆகவே ஒவ்வொரு தொடருக்கும் முன்பு, லென்ஸ், குவியத்தூரம், அப்பர்ச்சர் ஆகியவற்றை அடுத்து வரும் கோப்பு எண்ணோடு நோட்டில் எழுதிவையுங்கள்.

கடைசியாக, முதலில் சோதித்த லென்ஸை மீண்டும் மாட்டி 200 மி.மீ., எஃப்/5.6இல் ஒரு தொடர் எடுங்கள். காலையில் எடுத்ததற்கும் இதற்கும் தெளிவில் வேறுபாடு தெரிந்தால், இடையில் காற்றோ வெளிச்சமோ மாறிவிட்டது. அன்றைய ஒப்பீடு செல்லாது. இந்த ஒரு தொடருக்குச் சில நிமிடங்கள்தான் ஆகும், ஆனால் மற்ற 81 படங்களை நம்பலாமா என்று சொல்வது அதுதான்.

10. எதிரொளிக்கு ஒரு தனி மாலை

வெளிச்ச மூலம் படத்துக்குச் சற்று வெளியே இருக்கும்போது கண்ணாடிகளின் மேலுள்ள பழைய எதிரொளி தடுக்கும் பூச்சுகள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை, இருட்டிய பிறகு தெருவிளக்கை வைத்துப் பாருங்கள். சூரியனை வைத்துச் சோதிக்க வேண்டாம், 200 மி.மீ. லென்ஸ் குவிக்கும் வெப்பம் சென்சாருக்கு ஆபத்து. மூன்றுக்கும் ஹூட் (பக்க வெளிச்சத்தை மறைக்கும் முன்குழல்) போடுங்கள், அல்லது மூன்றுக்கும் போடாதீர்கள். விளக்கை மூலையிலிருந்து சிறிது சிறிதாக வெளியேற்றி, எந்த இடத்தில் நிழல்கள் மீண்டும் கறுக்கின்றன என்று குறியுங்கள்.

11. திரையில் மதிப்பிடுதல்

ராவ் கோப்புகளை ஒரே அமைப்பில் மாற்றுங்கள். கூர்மை கூட்டுவதும் லென்ஸ் திருத்தமும் அணைந்திருக்க வேண்டும். மூன்றும் எஃப்/4 என்று எழுதியிருந்தாலும் உள்ளே போகும் ஒளி சற்றே வேறுபடும். ஆகவே கட்டடச் சுவரின் ஒரே திட்டை எடுத்து அதன் பிரகாசத்தைச் சமன்செய்த பிறகே ஒப்பிடுங்கள்; சற்றுப் பிரகாசமான படம் கூர்மையானதாகத் தோன்றிக் கண்ணை ஏமாற்றும்.

வீட்டிலுள்ள ஒருவரிடம் கொடுத்து, தேர்ந்தெடுத்த படங்களின் கோப்புப் பெயர்களை மாற்றச் சொல்லுங்கள். எது எது என்று அவர் தனித்தாளில் எழுதிவைத்துக்கொள்ளட்டும். எனக்கு நிக்கான் மேல் பற்று உண்டு. பெயர் தெரிந்து பார்த்தபோது நான் கொடுத்த மதிப்பெண்ணும், தெரியாமல் பார்த்தபோது கொடுத்ததும் ஒன்றாக இல்லை.

நூறு சதவீத அளவில் முதலில் நடுப்பகுதி, பிறகு நான்கு மூலைகள் என்ற வரிசையில் பாருங்கள். எஃப்/4, 200 மி.மீ. என்ற நிலையில் வெள்ளைக் கொடித்துணியின் ஓரத்தில் மெல்லிய ஒளிவட்டம் தெரிகிறதா, எஃப்/5.6இல் அது மறைகிறதா என்று கவனியுங்கள். எஃப்/8இல் மூன்றும் ஏறக்குறைய நெருங்கிவந்துவிடும் என்பதால், உங்கள் தீர்ப்பை எஃப்/4இலும் 5.6இலும் தேடுங்கள். கான்ட்ராஸ்ட்டையும் நுணுக்கத்தையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். கான்ட்ராஸ்ட் குறைந்த படத்தைக் கணினியில் உயர்த்திவிடலாம். லென்ஸ் பதிவுசெய்யாத செங்கல் வரியை எந்த மென்பொருளாலும் கொண்டுவர முடியாது.

ஒரு மூலை மட்டும் மங்கினால், கேமராவைத் தலைகீழாகத் திருப்பி அதே காட்சியை மறுபடி எடுங்கள். மங்கல் சென்சாரின் அதே மூலையில் நின்றால் லென்ஸோ அடாப்டரோ காரணம்; கட்டடத்தின் அதே பகுதியோடு சேர்ந்து இடம் மாறினால் கேமரா முகப்புக்கு நேராக நிற்கவில்லை, ட்ரைபாட்டைச் சரிசெய்து திரும்ப எடுங்கள்.

12. கையில் பிடித்து ஒரு நாள்

மேசையில் முடிவு கிடைத்ததும் நின்றுவிடாதீர்கள். ஒவ்வொரு லென்ஸையும் ஒரு நாள் முழுவதும் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்து, ஓடும் குழந்தையையோ பறக்கும் காகத்தையோ ஃபோகஸ் செய்துபாருங்கள். உடலிலுள்ள அசைவு தடுப்பியை இப்போது இயக்கலாம். குவியத்தூரத்தை மெனுவில் கையால் உள்ளிட வேண்டும், ஜூமை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்ற வேண்டும். 80க்கு வைத்துவிட்டு 200இல் எடுத்தால் அசைவு சரிவரத் தடுக்கப்படாது. 200க்கு வைத்துவிட்டு 80இல் எடுத்தால் தேவைக்கு மேல் திருத்தி அதுவே படத்தைக் கலைக்கும்.

வளையத்தின் இறுக்கம், ஜூமை இழுக்கும்போது முன்னோக்கிச் சாயும் எடை, எவ்வளவு அருகில் ஃபோகஸ் ஆகிறது ஆகிய மூன்றையும் அன்று மாலையே நோட்டில் எழுதுங்கள். பிறகு முதல் பக்கத்தில் குறித்த வரிசை எண்ணுக்குக் கீழே முடிவையும் தேதியையும் எழுதி, அதே வகையில் இரண்டாவது பிரதி ஒன்று என்றாவது கைக்குக் கிடைத்தால் மூன்றாம் படியிலிருந்து தொடங்குவதற்கு அடுத்த இரண்டு பக்கங்களைக் காலியாக விட்டுவையுங்கள்.